துருவின் வயது

பிப்ரவரி 3

அன்புள்ள ஊசிக்கு,

உன் நாத்தனார் எழுதுகிறேன். நீ இந்தக் குடும்பத்தில் யார் போனையும் எடுப்பதில்லை, எழுதினால் மட்டும் படிப்பேன் என்று சொல்லி அனுப்பியதாகத் தெரிந்தது. சரி, உன் பிடிவாதத்துக்கு என் கையெழுத்துதான் பலி.

இங்கே நான் நலம். என் வீட்டுக்காரரும் நலம், அவருடைய முழங்கால் மட்டும் எங்களோடு ஒத்துப்போகவில்லை. நீ எப்படி இருக்கிறாய்? ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவு என்று எங்கள் பரிசோதனைக் கூடத்தில் நானே பார்த்துச் சொன்னேனே, மாத்திரை சாப்பிடுகிறாயா இல்லையா?

என் தம்பியை விட்டு நீ ஏன் போனாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அவனும் சொல்லவில்லை. இப்போது எழுதுவது அம்மாவின் தையல் மிஷினைப் பற்றி. அதன் ஸ்டாண்டு என் வீட்டில்தானே இருக்கிறது? "மிஷின் ஓடல, ஸ்டாண்டை நீ வச்சுக்கோ" என்று தம்பி கொடுத்ததில் டிவியை வைத்திருக்கிறேன். போன வாரம் பழம்பொருள் வாங்குகிற ஒருவர் வேறு ஏதோ பார்க்க வந்தவர், டிவியை விட்டுவிட்டு ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். மிகப் பழைய மிஷினாம். மேலே பூட்டுகிற தலையும் சேர்ந்தால் நல்ல விலை போகும் என்கிறார்.

தலையை நீ பாகம் பாகமாக ஒரு சாக்கில் கட்டி எடுத்துப்போனதாகத் தம்பி சொல்கிறான். எல்லாம் துரு என்றும் சொல்கிறான். அம்மா இருந்தவரை ஒரு நாள் எண்ணெய் போடாமல் விட்டிருப்பாளா? உன் கையை நம்பித்தானே கொடுத்தாள்? அது எப்படி இந்தக் கதிக்கு வந்தது?

உடம்பைக் கவனித்துக்கொள். பதில் போடு.

உன் நாத்தனார்


பிப்ரவரி 11

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

வணக்கம். நான் நலமாகத்தான் இருக்கிறேன். ஒரு சாக்கு நிறைய இரும்பைக் கட்டிலுக்கு அடியில் வைத்திருப்பவளுக்கு இரும்புச்சத்து குறைவு என்றால் ஊரே சிரிக்கும், அதனால் மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறேன். அண்ணனுடைய முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா?

நான் இருப்பது ஒரு சலவைக் கடைக்கு மேல் மாடி அறை. கீழே இஸ்திரி போட்டால் மேலே தரை சுடும். கூடாரமும் லாரித் தார்ப்பாயும் தைக்கிற பட்டறையில் வேலை. மிஷின் பட்டறையுடையது, கை என்னுடையது.

எப்படித் துருப்பிடித்தது என்று கேட்டிருந்தீர்கள். மழை பெய்தது, இரும்பு நனைந்தது, துருப்பிடித்தது. இதில் மறைக்க ஒன்றுமில்லை.

மிஷின் அத்தை எனக்குக் கொடுத்தது. உங்களுக்கு எதிரில்தான் கொடுத்தார். "என் பொண்ணுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது, உனக்குத்தான்" என்று சொல்லி, எனக்கு ஊசி என்று பேரும் வைத்தார். அதனால் தலையை அனுப்ப மாட்டேன். விற்கவும் மாட்டேன். யாராவது பார்த்துத்தான் தீருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றால் இங்கே வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், டிவியை ஒரு மேசை மேல் வைத்தாலும் படம் தெரியும் அண்ணி. ஸ்டாண்டை எனக்கு அனுப்புங்களேன்.

அண்ணனை விசாரித்ததாகச் சொல்லவும்.

ஊசி


பிப்ரவரி 22

அன்புள்ள ஊசிக்கு,

நாங்கள் சுகம். உன் வாய் சுகமாக இருப்பது உன் கடிதத்திலேயே தெரிகிறது.

மதிப்புப் போடுகிற ஆளை அனுப்புகிறேன். பழம்பொருள் கடைக்காரர் ஏற்பாடு செய்த ஆள்தான், ஆனால் நேர்மையானவர் என்கிறார்கள். பார்க்க மட்டும் விடு, மற்றதை அப்புறம் பேசலாம். தம்பியிடம் உன் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். "அவ திரும்பி வரட்டும், மிஷினை நானே பூட்டிக் குடுக்கறேன்" என்றான். லிப்டையே கழற்றி மாட்டுகிற மெக்கானிக்குக்கு இது எம்மாத்திரம்? நல்ல மனதோடுதான் சொன்னான். நீ கொஞ்சம் இறங்கி வந்தால் என்ன குறைந்துவிடும்?

ஸ்டாண்டைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்வதற்கில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நாத்தனார்


மார்ச் 9

மரியாதைக்குரிய அண்ணிக்கு,

இங்கே சுகம், அங்கும் அப்படியே இருக்கட்டும்.

உங்கள் ஆள் வந்தார். சட்டைப் பையில் பேனா, கையில் பூதக்கண்ணாடி. அதனால் அவருக்கு இங்கே பூதக்கண்ணாடி என்றே பேர். அறையில் வெளிச்சம் போதாது என்று மாடிப்படி முகப்பில் செய்தித்தாளை விரித்து, சாக்கிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். சலவைக் கடைப் பெண்கள் மூன்று பேர் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். மனிதர் ஒவ்வொரு துண்டையும் நகத்தால் சுரண்டினார், முகர்ந்தார், காதருகே வைத்துத் தட்டினார். தலையின் கைப்பகுதியில் தங்க நிறத்தில் பூக்கொடி இருக்கிறதே, அதில் பாதி இன்னும் அழியாமல் இருக்கிறது. அதைப் பார்த்ததும் அவர் முகமே மாறிவிட்டது.

நான் பழைய துணியை எடுத்து ஒரு துண்டைத் துடைக்கப் போனேன். பதறிவிட்டார்.

"தொடாதீங்கம்மா! துருதான் இதுக்கு அழகு. தேய்ச்சா விலை போச்சு. வாங்கறவங்க இதை ஓட்டல் வாசல்ல கண்ணாடிப் பெட்டியில வைப்பாங்க."

"அங்க ஓடுமா?"

"ஓடற மிஷின் யாருக்கும்மா வேணும்?"

சலவைக் கடைப் பெண்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் அவர் துண்டுகளைப் பிரித்துப் பிரித்து வைக்க ஆரம்பித்தார். "இது ரொம்ப வருஷத்துத் துரு. இது அதுக்கு அப்புறம். இந்தச் சக்கரம் நேத்து நனைஞ்ச மாதிரி இருக்கு" என்று தனக்குத்தானே பேசிக்கொண்டார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். நான் தேநீர் போட உள்ளே போய்விட்டேன்.

மதிப்பு என்ன என்று கேட்டேன். அனுப்பினவர்களிடம்தான் சொல்வாராம். கேட்டுக்கொள்ளுங்கள்.

வெயில் ஏறுகிறது, நிறையத் தண்ணீர் குடியுங்கள்.

ஊசி


மார்ச் 17

ஊசிக்கு,

நலம். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை.

பூதக்கண்ணாடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அது ஒரு மிஷின் இல்லீங்க. அஞ்சாறு மிஷின்ல இருந்து பொறுக்கின துண்டு. ஒரே மிஷின் நனைஞ்சிருந்தா எல்லாத் துண்டும் ஒரே மாதிரி துருப்பிடிச்சிருக்கும். இதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு வயசு. பூப்போட்ட கை மட்டும் அசல். மத்ததெல்லாம் எடைக்குப் போடற இரும்பு."

அப்படியானால் அம்மாவின் ஷட்டில் எங்கே? அம்மாவின் சக்கரம் எங்கே? நீ அதையெல்லாம் விற்றுவிட்டுக் காயலான் கடையில் கிடைத்ததைப் போட்டுச் சாக்கை நிரப்பினாயா? உன் வாய்க்கு நான் எப்போதும் பரிந்து பேசியிருக்கிறேன். உன் கையைப் பற்றி ஒரு நாளும் சந்தேகப்பட்டதில்லை. தம்பியிடம் கேட்டால் சிரிக்கிறான். "அவகிட்டயே கேளு" என்கிறான்.

அதனால் கேட்கிறேன். உண்மையைச் சொல்.

நாத்தனார்


மார்ச் 24

அண்ணிக்கு,

நலம்.

எல்லாத் துண்டும் ஒரே மிஷினுடையதுதான். ஒரு திருகைக்கூட நான் மாற்றவில்லை, விற்கவில்லை. திருடி என்று நேராகவே எழுதியிருக்கலாம், காகிதம் மிச்சமாகியிருக்கும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது என்று உங்கள் ஆள் சொன்னது சரி. அவை ஒரே நாளில் மழைக்குப் போகவில்லை.

ஊசி


மே 2

அன்புள்ள ஊசிக்கு,

நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் பொய். ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது. ஊரார் ரத்தத்தைச் சோதிக்கிறவள் தன்னுடையதைப் பார்க்காமல் இருந்துவிட்டேன்.

உன் கடிதம் கிடைத்ததும் கோபமாக ஒன்று எழுதிக் கிழித்தேன். பிறகு சமாதானமாக ஒன்று எழுதி அதையும் கிழித்தேன். "ஒரே நாளில் மழைக்குப் போகவில்லை" என்ற வரி மட்டும் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. மழைக்கு யாராவது மிஷினைத் தவணை முறையில் அனுப்புவார்களா?

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான், பக்கத்து வீட்டில் சாவி வாங்கினேன். மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியின் சிமெண்டு மூடி மேலே துருக்கறை. ஒன்றல்ல, வரிசையாக. ஒவ்வொன்றும் தனி உருவம், ஓரத்தில் வட்டமாக ஒன்று, அது சக்கரம் என்று எனக்குக்கூடத் தெரிந்தது. ஒரு முனையில் கறை கறுத்துப்போய்ச் சிமெண்டுக்குள் இறங்கியிருக்கிறது. இன்னொரு முனையில் விரலால் தேய்த்தால் கையில் ஒட்டுகிறது. நடுவில் இருப்பவை படிப்படியாக வெளுத்துக்கொண்டு போகின்றன. துணி காயப்போடுகிற கொடிக்கு நேர் எதிரே.

தினமும் அந்தக் கொடியில் துணி உலர்த்தினவள் நீ.

எனக்கு ஒன்றே ஒன்று சொல். முதலில் போனது எது?

அண்ணி


மே 12

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை ஆரம்பித்தீர்களா? உப்பைக் குறையுங்கள். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.

முதலில் போனது பாதம். துணியை அழுத்திப் பிடிக்குமே, அது. அத்தை இறந்து சில மாதம் ஆகியிருந்தது. எதிர்வீட்டுக்காரிக்குப் பாவாடை ஓரம் அடித்துக் கொடுத்து, அந்தக் காசில் எனக்குச் செருப்பு வாங்கினேன். "என்னைக் கேட்டியா?" என்றார் உங்கள் தம்பி. இல்லை என்றேன். கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார், விசில் அடித்துக்கொண்டே பாதத்தைக் கழற்றினார், மாடிக்குக் கொண்டுபோய் வைத்தார். திருகை மட்டும் ஒரு தீப்பெட்டியில் போட்டு என் கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்கோ. நல்லா நடந்துக்கிட்டா பூட்டித் தரேன்."

நான் சிரித்தேன் அண்ணி. விளையாட்டு என்று நினைத்தேன். மறுநாளே மாடியிலிருந்து எடுத்து நானே மாட்டினேன். சாயங்காலம் அது மறுபடி மாடிக்குப் போனது, கூடவே நூல் சுற்றுகிற கம்பியும் போனது. எடுத்து மாட்டினால் இரண்டு போகும் என்பது அப்போது புரிந்தது.

அவருடைய நண்பர்களுக்கு எதிரில் அவர் தப்பாகச் சொன்ன ஒரு விஷயத்தைத் திருத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு, அடிநூலைக் கொண்டுபோகிற ஷட்டில். சிநேகிதியின் பிரசவத்துக்கு அவரிடம் சொல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அன்றைக்கு, துணியைத் தள்ளுகிற பல். ஊசிக் கம்பி எதற்காகப் போனது என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. காரணமே இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆறேழு வருஷம் இப்படிப் போனது. என்னை அடித்ததே இல்லை. கெட்ட வார்த்தை ஒன்று சொன்னதில்லை. நான் யாரிடம் போய் என்னவென்று சொல்வேன்? என் புருஷன் ஒரு திருகைக் கழற்றினார் என்றா? உங்களிடம் சொல்லியிருந்தால் நீங்களே "போனால் போகட்டும், ஒரு திருகுதானே" என்று சொல்லியிருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், சொல்லியிருப்பீர்கள்.

கடைசியாகச் சக்கரமும் கைப்பகுதியும் போயின. வெறும் ஸ்டாண்டு உங்கள் வீட்டுக்கு வந்தது. ஒரு நாள் துணி உலர்த்தப் போனேன். தொட்டி மூடியில் வரிசை நிரம்பியிருந்தது. இனிமேல் எதைக் கழற்றுவார் என்று யோசித்தேன். வீட்டில் மிச்சம் இருந்தது நான்தான். அன்றைக்கே சாக்கை எடுத்தேன்.

நல்ல மனதோடு பூட்டித் தருகிறேன் என்றாராமே. அவர் பூட்ட வேண்டாம். திரும்பி வருகிற பேச்சை இந்தக் கடிதத்தோடு முடித்துக்கொள்ளலாம். அழுது எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள், எரிச்சலில் எழுதுகிறேன். இவ்வளவு காலம் வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு என் மேலேயே எரிச்சல்.

பக்கெட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி எல்லாத் துண்டையும் ஊறப்போட்டுவிட்டேன். அறை முழுக்க நாற்றம். என்னோடு தங்கியிருக்கிற அறைத்தோழி திட்டிக்கொண்டே உப்புத்தாளால் தேய்க்கிறாள். பூதக்கண்ணாடி பார்த்தால் மயங்கி விழுந்துவிடுவார்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

ஊசி


ஜூன் 6

அன்புள்ள ஊசிக்கு,

மாத்திரை சாப்பிடுகிறேன், உப்பையும் குறைத்துவிட்டேன். என் வீட்டுக்காரர் இப்போது தரையில் படுத்துக்கொண்டு டிவி பார்க்கிறார், ஏனென்றால் டிவி தரையில் இருக்கிறது. ஸ்டாண்டு லாரியில் ஏறிவிட்டது. சலவைக் கடை விலாசத்துக்கு வரும், இறக்குகிறவர்களுக்குக் கூலி கொடுத்தாகிவிட்டது, நீ கொடுக்காதே.

தம்பியை வரச் சொன்னேன். தொட்டி மூடியைப் பற்றிக் கேட்டேன். பூசி மெழுகுவான் என்று பார்த்தால், நிமிர்ந்து உட்கார்ந்து சொல்கிறான்: "ஆமா, கழட்டினேன். அடிச்சேனா? குடிச்சிட்டு வந்தேனா? ஒரு ஸ்க்ரூ கழட்டினது ஒரு குத்தமா?"

அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்திருக்கும் என்று நீ எழுதியிருந்தாய். அவன் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "இனிமே இந்த வீட்டுல அம்மா மிஷின்னு பேசாதே. அது அவ மிஷின்" என்றேன். "நீ யார் பக்கம்?" என்றான். "அவ பக்கம்" என்றேன். வளர்த்த தம்பி. எழுந்து போனவன் செருப்பைக்கூடச் சரியாக மாட்டவில்லை.

இன்னொன்று கேள். அவனே நேராகப் பூதக்கண்ணாடியிடம் போயிருக்கிறான். "எல்லாம் ஒரே மிஷின்தான், நான்தான் வருஷத்துக்கு ஒண்ணா கழட்டி வச்சேன்" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறான், விலை ஏற வேண்டும் என்பதற்காக. விலையும் ஏறிவிட்டது. இரண்டு பேரும் உன் அறைக்கு வருவதாகத் தகவல். என்றைக்கு என்று தெரியவில்லை. நான் கூட இருக்கட்டுமா? ஒரு வார்த்தை எழுது, அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

தைரியமாக இரு. நீ இருப்பாய், இருந்தாலும் சொல்கிறேன்.

அண்ணி


ஜூன் 21

அன்புள்ள அண்ணிக்கு,

அண்ணனுக்கு முதலில் ஒரு மேசை வாங்கிக் கொடுங்கள், தரையில் படுத்து எழுந்தால் அந்த முழங்கால் என்னத்துக்கு ஆகும்? எனக்கு இரும்புச்சத்து ஏறிவிட்டது. இங்கே ஒரு கூடத்தில் சோதித்தேன், உங்கள் அளவுக்கு நயமாக ஊசி குத்தவில்லை.

ஸ்டாண்டு பத்திரமாக வந்தது. தலையை நானே பூட்டினேன். ஒரு சுருள்வில்லும் பெல்ட்டும் மட்டும் புதிதாக வாங்க வேண்டியிருந்தது. முதல் நாள் அடம் பிடித்தது, இரண்டாம் நாள் நூலை மென்றது, அப்புறம் ஓடியது. பட்டறையில் வெளி வேலையும் தருகிறார்கள். ஒரு கல்யாண மண்டபத்துக்கான திரைச்சீலை முழுக்க என் அறையில்தான் கிடக்கிறது.

உங்களைக் கிளம்பி வரச் சொல்லி எழுத எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நேற்று மத்தியானம் அவர்களே வந்துவிட்டார்கள். கதவு திறந்துதான் இருந்தது. நான் தைத்துக்கொண்டிருந்தேன், எழுந்திருக்கவில்லை. பூதக்கண்ணாடி உள்ளே வந்து மிஷினைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்னம்மா இப்படிப் பண்ணிட்டீங்க! தேய்ச்சிட்டீங்களே! பூவெல்லாம் போச்சே! இப்ப இது வெறும் தையல் மிஷின்ம்மா."

"அதை அப்படியே எழுதி அவர் கையில குடுங்க" என்றேன்.

மனிதர் உங்கள் தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "எனக்கு இங்க வேலை இல்ல" என்று இறங்கிப் போய்விட்டார். வந்தவர்களில் அவருக்குத்தான் புத்தி இருந்தது.

உங்கள் தம்பி போகவில்லை. மிஷினைச் சுற்றி வந்தார். எது எது எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமே, ஒவ்வொன்றாகப் பார்த்தார். "நல்லாத்தான் பூட்டியிருக்கே" என்றார். பிறகு அவர் கை சட்டைப் பைக்குப் போனது. பழக்க தோஷம் என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு நிமிஷம் பழைய பயம் வந்தது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

ஆனால் என் கால் மிதியை விடவில்லை. வேகமாக மிதித்தேன். ஊசி எழும்பி இறங்குவது கண்ணுக்கே தெரியாத வேகம்.

"நிறுத்து" என்றார்.

"கழட்டறதா இருந்தா கழட்டுங்க. நான் நிறுத்தப்போறதில்ல."

ஓடுகிற மிஷினில் கை வைக்கக் கூடாது என்று மெக்கானிக்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருப்புளியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். துணி முடியட்டும் என்று காத்திருக்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. முடியப்போகிற இடத்தில் அடுத்த சீலையின் ஓரத்தை இழுத்துச் சேர்த்துத் தைத்தேன். அது முடிவதற்குள் அதற்கடுத்தது. சேர்க்கக் கூடாத சீலைகளையெல்லாம் சேர்த்துவிட்டேன், இன்றைக்கு முழுக்க உட்கார்ந்து பிரித்துக்கொண்டிருக்கிறேன், அது வேறு கதை. மண்டபத்துக்காரர் கேட்டால் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

அவர் எவ்வளவு நேரம் நின்றார், எப்போது படியிறங்கினார், போகும்போது ஏதாவது சொன்னாரா என்றெல்லாம் என்னைக் கேட்காதீர்கள் அண்ணி. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு வேறெதுவும் கேட்கவில்லை.

உங்கள் ஊசி